தேயிலைக் குச்சியோடு தொட்டபெட்டா

ஜனவரி 24, 2025, வெள்ளி: கோவை – மேட்டுப்பாளையம்

அக்கா மகன் பெங்களூருவுக்கு வேலைக்குப் போனபோது எங்கள் மொட்டைமாடியில் ஒரு கியர் சைக்கிளை விட்டுவிட்டுப் போனான். மூன்று வருடமாக அது சாக்கைப் போர்த்திக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. தீபாவளிக்கு வந்தவன், "மாமா, யாராவது கேட்டால் கொடுத்துவிடுங்கள், ஆறாயிரம் கிடைத்தால் போதும்" என்றான்.

விற்பதற்கு முன் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமே. தெருமுனை வரை ஓட்டினேன். அடுத்த வாரம் வடவள்ளி வரை. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருதமலை அடிவாரத்தில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையன் சைக்கிளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அங்கிள், இது மலை ஏறுகிற சைக்கிள்தானே, நீங்கள் ஏன் கீழேயே நிற்கிறீர்கள்?" என்று கேட்டான். நாற்பத்தெட்டு வயதுக்காரனிடம் கேட்கக் கூடாத கேள்வி.

அப்படித்தான் தொட்டபெட்டா முடிவாயிற்று. ஏறுவது என்று வந்துவிட்டால் தமிழ்நாட்டின் உச்சிக்கே ஏறிவிடலாம். கடல்மட்டத்திலிருந்து 2,637 மீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஒரு நாள், கோத்தகிரியிலிருந்து உச்சி ஒரு நாள், இறங்க ஒரு நாள். திட்டத்தைக் கேட்ட மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "ஊட்டிக்குத்தான் அரை மணிக்கு ஒரு பஸ் இருக்கிறதே."

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் முப்பத்தைந்து கிலோமீட்டர். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. லாரிகள், தூசி, பெரியநாயக்கன்பாளையத்தில் நெரிசல், காரமடையில் ஒரு டீயும் இரண்டு உளுந்து வடையும் முப்பத்தைந்து ரூபாய். தெரிந்துகொண்டது ஒன்று: இந்த சைக்கிளின் பருத்த, பல் வைத்த டயர்கள் மண்பாதைக்காகச் செய்யப்பட்டவை. தார்ச்சாலையில் அவை வண்டு மாதிரி ரீங்காரம் போடும். ரீங்காரம் போடுவதற்கான உழைப்பை நம் தொடையிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

மேட்டுப்பாளையத்தில் அறை எழுநூறு ரூபாய். சைக்கிளை அறைக்குள் விடமாட்டேன் என்று விடுதிக்காரர் உறுதியாக இருந்தார். மாடிப்படிக்கு அடியில், பழைய ஆட்டுக்கல்லோடு சேர்த்துச் சங்கிலி போட்டுக் கட்டினோம். "கோத்தகிரி வழியா போகிறீர்கள்? விடிந்த பிறகு கிளம்புங்கள். மனிதன் சீக்கிரம் எழுந்தால் யானைக்குப் பிடிக்காது" என்றார். பரோட்டா நாலு, ஒரு ஆம்லெட், நூற்றுப் பத்து ரூபாய். ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை; பயமா, பரோட்டாவா என்று தெரியவில்லை.

ஜனவரி 25, சனி: மேட்டுப்பாளையம் – கோத்தகிரி

பவானிப் பாலம் தாண்டியதும் சாலை இரண்டாகிறது. இடது பக்கம் குன்னூர் வழி, வலது பக்கம் கோத்தகிரி வழி. ஆறே முக்காலுக்கு வலப்பக்கம் திரும்பினேன். இருபுறமும் பாக்குத் தோப்பு. பாக்கு மரங்களுக்கு நடுவே வரும் காலைக் குளிர்ச்சிக்கு ஒரு மணம் உண்டு, ஈரச் சாக்கு மணம். நாலைந்து கிலோமீட்டர் சுகமாகப் போயிற்று. இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

அப்புறம் சாலை நிமிர்ந்தது.

கணக்கு சொல்கிறேன். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோத்தகிரி 1,800 மீட்டரை ஒட்டி. நடுவில் முப்பத்து மூன்று கிலோமீட்டர். சராசரியாக நூறு மீட்டர் போனால் நாலரை மீட்டர் ஏற வேண்டும். காகிதத்தில் பார்த்தால் சாதுவான எண். பக்கத்து மலையில் ஏறும் நீலகிரி ரயில் சில இடங்களில் பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிறது; ஆனால் அதற்குத் தண்டவாளத்துக்கு நடுவில் பல்வரிசை போட்டு, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும்படி செய்திருக்கிறார்கள். 1899-இல் குன்னூர் வரை அப்படித்தான் கொண்டுபோனார்கள். எனக்கும் பற்சக்கரம் இருந்தது. கவ்வுவதற்குத்தான் ஆள் போதவில்லை.

ஒரு மணி நேரத்தில் எல்லாக் கியரும் தீர்ந்துவிட்டது. முன்னால் மிகச் சிறிய பற்சக்கரம், பின்னால் மிகப் பெரியது. அதற்குக் கீழே கியர் கிடையாது. ஆனாலும் பெருவிரல் தானாகவே பொத்தானை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது, காலி டப்பாவில் சர்க்கரை தேடுகிற மாதிரி. என்னை முந்திப் போன பஸ் ஓட்டுநர்கள் ஹாரன் அடிக்கவில்லை. வளைவில் நான் திணறுவதைப் பார்த்து, பின்னாலேயே பொறுமையாக உறுமிக்கொண்டு வந்து, நேர்ச்சாலை வந்ததும் ஒதுங்கிப் போனார்கள். மலை ஓட்டுநர்களின் பொறுமை தனி. வெளியூர் கார்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஒரு காரின் கண்ணாடி இறங்கி, செல்பேசி மட்டும் வெளியே நீண்டு என்னைப் படம் எடுத்துக்கொண்டே போயிற்று. முகம் தெரியவில்லை; கை மட்டும்.

குஞ்சப்பனைக்கு ஒரு வளைவு முன்னால் சாலையோரம் விறகுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு ஒரு அம்மா நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளங்கையைக் காட்டினார். நில் என்று அர்த்தம். சத்தம் போடாதே என்று உதட்டில் விரல். மேட்டுச் சரிவில் மூங்கில் ஒடியும் சத்தம் கேட்டது. ஒடிப்பவரைப் பார்க்க முடியவில்லை. சாலையில் பிடி பிடியாகச் சாணம், ஆவி பறந்துகொண்டிருந்தது. கீழிருந்து வந்த ஒரு அரசுப் பஸ்ஸும் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றது. பஸ்ஸில் இருந்த ஐம்பது பேரும் பேசவில்லை. ஒரு குழந்தை மட்டும் எதற்கோ சிரித்தது. அதன் வாயை யாரோ பொத்தினார்கள்.

முக்கால் மணி நேரம். சத்தம் மேலே மேலே போய்த் தேய்ந்தது. "பலாப்பழக் காலத்தில் இங்கே தினமும் இதுதான். வாசலுக்கே வருவார்கள். இப்போது சும்மா நடந்துவிட்டுப் போகிறார்கள்" என்றார் அம்மா. யானைக்கு 'வருவார்கள், போகிறார்கள்' என்றுதான் சொன்னார். எனக்கு அவர் கொடுத்த மரியாதை அதைவிடக் கொஞ்சம் குறைவு: "நீ ஏன் தம்பி இதில் வந்தாய்? பஸ்ஸுக்குக் காசு இல்லையா?"

சோதனைச் சாவடியில் கார்களுக்கு இ-பாஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேண்டுமா என்று கேட்டேன். அங்கிருந்த ஊழியர் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "எஞ்சின் எங்கே இருக்கிறது?" என்றார். நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். "அதற்குப் பாஸ் ஆஸ்பத்திரியில்தான் கொடுப்பார்கள்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, பையிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களையும் எடுத்து வைத்துக்கொண்டார். நீலகிரிக்குள் அவற்றுக்குத் தடை. எனக்குத் தெரியும், மறந்துவிட்டேன். சைக்கிளோடு வந்த கெட்டி பாட்டில் ஒன்று மட்டும் மிஞ்சியது. பக்கத்துக் கடையில் அதை நிரப்பித் தந்தார்கள், காசு வாங்கவில்லை. அங்கேயே ஒரு பிளாக் டீ, வேகவைத்த நிலக்கடலை ஒரு பொட்டலம், இரண்டும் முப்பது ரூபாய்.

பாதிக்கு மேல் வந்ததும் காடு விலகித் தேயிலை தொடங்கியது. காற்று மாறியது. கீழே சமவெளி நீலமாக, பவானி மெல்லிய கோடாக. படம் எடுக்கலாம் என்று இறங்காமலே வேகத்தைக் குறைத்தேன். (இருக்கிற வேகத்தில் குறைக்க என்ன இருந்தது என்று கேட்காதீர்கள்.) அதுவரை ஒரு பைத்தியக்காரத்தனமான விரதம் வைத்திருந்தேன்: நிற்கலாம், ஆனால் இறங்கித் தள்ளக் கூடாது. தள்ளினால் ஏறியதாகக் கணக்கில்லை என்று யாரும் சட்டம் போடவில்லை. நானே போட்டுக்கொண்டேன்.

மாமரம் என்ற ஊரைத் தாண்டிய பிறகு ஒரு வளைவில், கியரை மாற்றப் பெருவிரலால் அமுக்கியபோது 'டிங்' என்று சின்னச் சத்தம். வீணைக் கம்பி அறுந்த மாதிரி. உடனே பின்சக்கரத்தில் செயின் கடகடவென்று இறங்கி மிகச் சிறிய பற்சக்கரத்தில் போய் உட்கார்ந்தது. பெடல் கல்லாகிவிட்டது. கியர் கேபிள் அறுந்துபோயிற்று. மூன்று வருடம் மாடியில் மழை குடித்த கம்பி. கிளம்புவதற்கு முன் டயரைப் பார்த்தேன், பிரேக்கைப் பார்த்தேன், செயினுக்கு எண்ணெய் விட்டேன். கம்பியைப் பார்க்கத் தோன்றவில்லை.

பின்பக்கக் கியரை இழுத்து வைத்திருப்பது அந்தக் கம்பிதான். கம்பி போனால் ஸ்பிரிங் வென்றுவிடும், செயின் சிறிய சக்கரத்துக்கு ஓடிவிடும். சிறிய சக்கரம் சமவெளியில் பறப்பதற்கு. மலையில் அதை வைத்துக்கொண்டு எழுந்து நின்று முழு எடையையும் போட்டு மிதித்தேன். இருபது மிதி. முப்பது. வலது முழங்கால் ஒரு வார்த்தை சொன்னது. இறங்கிவிட்டேன். விரதம் முடிந்தது.

தள்ளிக்கொண்டு நடந்தேன். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். நடக்கிற வேகமும் இதுவரை மிதித்த வேகமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த தோட்டத்து அம்மா ஒருவர், தலையில் பாரத்தோடு, என்னோடு பேசிக்கொண்டே வந்தார். ஒரு கட்டத்தில் "நான் முன்னால் போகிறேன் கண்ணு, அடுப்பு வேலை இருக்கிறது" என்று சொல்லி முந்திப் போய்விட்டார்.

அரவேணுவுக்கு முன்னால் பச்சைத் தேயிலை மூட்டைகளை ஏற்றுவதற்காக ஒரு பிக்கப் வண்டி நின்றிருந்தது. ஓட்டுநருக்கு முப்பது வயது இருக்கும். "ஏறிக்கொள்ளுங்கள் அண்ணா, கோத்தகிரியில் விடுகிறேன்" என்றார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை அவர். இந்தப் பயணத்தில் ஏன் என்று கேட்காத ஒரே ஆள் அவர்தான். குனிந்து பார்த்தார். செயினைத் தள்ளும் அந்த இரும்புக் கையை விரலால் உள்பக்கம் நெம்பிப் பார்த்தார். செயின் பெரிய சக்கரத்துக்கு ஏறியது. விட்டதும் இறங்கியது.

"இதைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு ஆள்தான் வேண்டும்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குள் போனார். கவாத்து வெட்டிய பாத்தி அது. இலையெல்லாம் போய்ச் செடிகள் கை கால்களாக நின்றன. வெட்டிப் போட்ட குச்சிகளில் ஒன்றை எடுத்துவந்து, கத்தியால் இரு முனையும் சீவி, விரல் நீளத்துக்கு ஒரு ஆப்பு செய்து, அந்த இரும்புக் கையின் இடுக்கில் வைத்துக் கல்லால் இரண்டு தட்டு தட்டினார். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். செயின் நடுவிலிருந்து சற்று உள்ளே, பெரிய சக்கரங்களில் ஒன்றில் உட்கார்ந்துவிட்டது. அசையவில்லை.

"தேயிலைக் குச்சி இரும்பு மாதிரி அண்ணா. ஊட்டி போய்ச் சேரும்."

ஐம்பது ரூபாய் நீட்டினேன். "குச்சிக்கா?" என்று சிரித்துவிட்டு மூட்டை தூக்கப் போய்விட்டார்.

கோத்தகிரிக்கு மூன்று மணிக்கு வந்து சேர்ந்தேன். எட்டேகால் மணி நேரம், யானைக்காக நின்றதும் சேர்த்து. கேபிள் கேட்டு மூன்று கடை ஏறினேன். சாதாரண சைக்கிள் பிரேக் கேபிள் இருந்தது, அதன் முனை குண்டு இதற்குள் நுழையாது. இந்த அளவுக் கம்பி கோவையில்தான் என்றார்கள். குச்சியோடு ஊட்டி போவதா, பஸ்ஸோடு வீடு போவதா? பேக்கரியில் வர்க்கி நூறு கிராம், டீ இரண்டு வைத்து இதை ஆலோசித்தேன். வர்க்கியை டீயில் தோய்த்தால் எந்தப் பிரச்சினையும் பாதியாகிவிடுகிறது. போகலாம் என்று முடிவு.

அறை தொள்ளாயிரம். ஒரு வாளி சுடுதண்ணீர் முப்பது ரூபாய் தனி; மூன்று வாளி வாங்கினேன். 1819 ஜனவரியில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் சிறுமுகையிலிருந்து காடு வழியாக இந்தப் பக்கம்தான் ஏறி வந்தார். பக்கத்தில் கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களாவைப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆனால் படிக்கட்டு இறங்க முடியவில்லை. சல்லிவனுக்கு மூட்டை தூக்கி அதே மலையை ஏறியவர்களின் முழங்கால்களைப் பற்றித்தான் அன்று இரவு நினைத்துக்கொண்டு கிடந்தேன். அவர்களுக்கு பங்களா எதுவும் இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு: கோத்தகிரி – தொட்டபெட்டா – ஊட்டி

இப்போது என்னிடம் இருப்பது மூன்றே கியர். பின்னால் குச்சி பிடித்து வைத்திருக்கும் ஒரு சக்கரம். முன்னால் சிறியது, நடுத்தரம், பெரியது. பின்சக்கரத்தில் பற்களை எண்ணினேன், இருபத்து நாலு. முன்னால் சிறியதிலும் இருபத்து நாலு. அதாவது பெடலை ஒரு சுற்று மிதித்தால் சக்கரமும் சரியாக ஒரு சுற்று, சாலையில் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இத்தனை எளிமையான சைக்கிளைச் சிறு வயதில் மூன்று சக்கரத்தில்தான் ஓட்டியிருக்கிறேன்.

கோத்தகிரியை விட்டதும் சாலை சில இடங்களில் இறங்கியது. மலை ஏறுபவனுக்கு இறக்கத்தைப் போல எரிச்சல் தருவது வேறில்லை. நேற்று முழங்காலைக் கொடுத்து வாங்கிய உயரத்தைக் காரணமே இல்லாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும், அரை மணி கழித்து மறுபடி வாங்க வேண்டும்.

கட்டபெட்டுக்கு முன்னால் சாலையோரப் பள்ளிக்கூடம் ஒன்றில் கொடியேற்றம் நடந்துகொண்டிருந்தது. குடியரசு நாள். நின்று, ஹெல்மெட்டைக் கழற்றினேன். முப்பது பிள்ளைகள், ஸ்வெட்டருக்குள் பாதி முகம். கயிறு சிக்கிக்கொண்டு கொடி விரியவில்லை. ஒரு ஆசிரியர் கயிற்றை உதற, இன்னொருவர் "ஜன கண மன"வைத் தொடங்கிவிட்டார். பாட்டு முடியும் நேரத்தில் பூ கொட்டியது. மிட்டாய் கொடுத்துக்கொண்டே வந்த பெண் குழந்தை வரிசை முடிந்ததும் கேட்டைத் தாண்டி வந்து எனக்கும் இரண்டு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தது. "மூன்று எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு மூச்சு வாங்குகிறது" என்றது.

அங்கிருந்து மேலே தேயிலைக்கு நடுவில் படுகர் ஊர்கள். வரிசை வீடுகள், கேரட்டும் முட்டைக்கோசும் போட்ட பாத்திகள். தொட்டபெட்டா என்ற பெயரே அவர்கள் மொழிதான். தொட்ட என்றால் பெரிய, பெட்ட என்றால் மலை. பெரிய மலை. அலங்காரம் ஏதும் இல்லாத பெயர். ஒரு கடைத் திண்ணையில் வெள்ளைத் தலைப்பாகையும் வெள்ளைப் போர்வையுமாக உட்கார்ந்திருந்த பெரியவர் குச்சியைக் கண்டுபிடித்துவிட்டார். "தேயிலையா?" என்றார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டினார். "எங்கள் வீட்டு மண்வெட்டிக்கும் இதே வைத்தியம்தான்." அவர் கடையில் பீன்ஸ் பொரியலும் அவரைக் குழம்பும் சோறும் எழுபது ரூபாய். நீலகிரி அவரையின் ருசியை எழுதிக் காட்ட எனக்குத் திறமை போதாது. இரண்டாம் முறை குழம்பு கேட்டேன், மூன்றாம் முறை அவர்களே ஊற்றினார்கள்.

சோறு தின்றுவிட்டு மலை ஏறக் கூடாது என்பது அடுத்த அரை மணியில் தெரிந்தது.

தொட்டபெட்டா சந்திப்புக்கு வரும்போது மணி இரண்டரை. இங்கிருந்து உச்சிக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர். என் கணக்கில் சுமார் ஆயிரத்து ஐந்நூறு மிதி. இந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் சமவெளியில் கிடைப்பதில் முக்கால் பங்குக் காற்றுதான். எண்ணிக்கொண்டே ஏறுவது என்று தொடங்கினேன்.

எண்ண முடியவில்லை. காரணம் மலை அல்ல, கார்கள். ஞாயிறும் விடுமுறையும் சேர்ந்து உச்சி வரை ஒரே வரிசை. ஒரு கார் நகர்ந்து ஒரு கார் நின்று, எல்லாரும் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு சைக்கிள் போகும் அளவு மட்டும் இடம் இருந்தது. ஆக, மூன்று நாளில் முதல் முறையாக நான் வண்டிகளை முந்தினேன். ஒன்று, இரண்டு, இருபது, அறுபது. நேற்று என்னைப் படம் எடுத்த கையும் இதில் எங்கோ இருக்கும் என்று ஒரு அற்ப சந்தோஷம். புகை தொண்டையை அறுத்தது. சந்தோஷத்துக்கும் ஒரு விலை.

ஒரு வேனிலிருந்து பாட்டி ஒருவர் கையை நீட்டி உரித்த ஆரஞ்சுச் சுளை தந்தார். கை எடுத்தால் விழுந்துவிடுவேன் என்று சொல்ல மூச்சு இல்லை; வாயைத் திறந்தேன். வாயில் போட்டார். வேன் முழுக்கக் கைதட்டியது. எந்த ஊர் என்று கேட்க முடியவில்லை. விருதுநகர்ப் பக்கம் என்று பேச்சு சொன்னது.

கடைசி வளைவுகளில் சோலை மரங்களுக்கு நடுவே காட்டுப்பூவரசு பூத்திருந்தது. கறுத்த இலைக்கு மேல் இரத்தச் சிவப்பு. அதைப் பார்த்த நொடியில் சமநிலை போய் ஒரு காலை ஊன்றினேன். மறுபடி ஏறினேன். இன்னொரு இடத்தில் ஐம்பதடி தள்ளினேன். நேற்றைய விரதத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. குச்சியை மட்டும் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டேன். இருந்தது.

மூன்று இருபத்தைந்துக்கு உச்சி.

உச்சியில் என்ன இருக்கிறது? டிக்கெட் கொடுக்குமிடம், தொலைநோக்கிக் கூடம், மிளகாய்ப் பொடி தூவிய மாங்காய், குல்லாய் விற்பவர்கள், ஆயிரம் பேர். நான் சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்த பத்தாவது நிமிடம் பனிமூட்டம் கீழிருந்து எழுந்து வந்து எல்லாவற்றையும் மூடியது. தொலைநோக்கியில் பார்த்தேன். வெள்ளை. எனக்கு அடுத்து நின்ற சிறுவன் பார்த்துவிட்டு, "அப்பா, பால் தெரிகிறது" என்றான். தெளிவான நாளில் மேட்டுப்பாளையமும் கோவைப் பக்கத்துச் சமவெளியும் தெரியும் என்பார்கள். எங்கிருந்து கிளம்பினேனோ அந்த இடத்தை மேலிருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. பாலைப் பார்த்துக்கொண்டு இருபது ரூபாய் டீயைக் குடித்தேன்.

ஒரு குடும்பத் தலைவர் செல்பேசியோடு நெருங்கி வந்தார். படம் எடுக்கத்தான் வருகிறார் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். "சார், எங்களை ஒரு போட்டோ எடுத்துத் தருகிறீர்களா? அந்த சைக்கிளைக் கொஞ்சம் நகர்த்திவிடுங்கள், மறைக்கிறது."

வேர்த்த சட்டை குளிரில் பனிக்கட்டியாக ஒட்டிக்கொண்டது. உள்ளே செய்தித்தாள் வைத்துக்கொண்டு இறங்கினேன். மூன்று நாள் குளிரில் பெரும்பங்கை ஊட்டிக்கு இறங்கிய இருபத்தைந்து நிமிடத்தில்தான் அனுபவித்தேன். விரல் பிரேக்கில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. விடுமுறை விலையில் அறை இரண்டாயிரத்து இருநூறு. ஜன்னல் மூடவில்லை. கேட்டதற்கு இன்னொரு கம்பளி தந்தார்கள்; ஜன்னலை யாரும் பார்க்கவில்லை.

ஜனவரி 27, திங்கள்: ஊட்டி – குன்னூர் – மேட்டுப்பாளையம் – கோவை

காலையில் புல்வெளிகளெல்லாம் உப்பு கொட்டினாற்போல் உறைபனி. சைக்கிள் சீட்டில் மெல்லிய கண்ணாடித் தகடு மாதிரி படிந்திருந்தது. விரலால் சுரண்டி எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒன்பதரைக்குத்தான் கைவிரல்கள் மடங்கின.

இறங்குவது எளிது என்று நினைப்பவர்கள் இறங்கியதில்லை. குன்னூர் வரை பரவாயில்லை. அதன் பிறகு பர்லியாறு வழியாகக் கல்லாறு வரை, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். பலகைகளில் எண் போட்டிருக்கிறார்கள். நான் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினேன்; மூன்றாவது வளைவில் கருகல் வாடை வந்தது. யாரோ லாரிக்காரர் என்று நினைத்தேன். நான்தான். பிரேக் தகட்டில் தண்ணீர் தெளித்தபோது 'சுர்' என்றது. சாலையோரத்தில் குரங்குகள் பார்த்துக்கொண்டிருக்க, பத்து நிமிடம் ஆறவிட்டேன். அந்த இடைவெளியில் ஒரு குரங்கு என் வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்து, ஒன்றைக் கடித்துப் பார்த்து, பொட்டலத்தோடு மரம் ஏறியது. ருசி அறிந்த குரங்கு.

அதற்குப் பிறகு விட்டு விட்டுப் பிடித்தேன். ஒவ்வொரு இரண்டு வளைவுக்கும் நின்றேன். பற்றிப் பற்றி உள்ளங்கை இரண்டும் பலகையாகிவிட்டன. கல்லாறு வந்ததும் கீழிருந்து வெதுவெதுப்பான காற்று, பாக்குத் தோப்பு, ஈரச் சாக்கு மணம். ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டினேன்.

மேட்டுப்பாளையத்தில் பஸ்ஸில் ஏற்றிக்கொள்ளச் சொல்லிப் பார்த்தேன். நடத்துநர் சைக்கிளையும் என்னையும் பார்த்து, "மலையே ஏறியிருக்கிறீர்கள், கோவைக்கு என்ன?" என்று சொல்லி விசில் ஊதிவிட்டார். முப்பத்தைந்து கிலோமீட்டர். முன்னால் பெரிய சக்கரம், பின்னால் குச்சி. ஆறு மணிக்கு வீடு. மனைவி கதவைத் திறந்து முதலில் சைக்கிளைத்தான் பார்த்தாள். "என்ன இது, விறகு?"

ஜனவரி 29, புதன்

கேபிள் மாற்றக் கடைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் தம்பி குச்சியைப் பிடித்து இழுத்தார், வரவில்லை. மூன்று நாள் பனியில் ஊறி உப்பியிருந்தது. இடுக்கியால் இழுத்தார். திருப்புளியை வைத்துத் தட்டினார். கடைசியில் சிறு உளியால் பிளந்து துண்டு துண்டாக எடுத்தார். கேபிள் எண்பது, கூலி நூறு, குச்சியை எடுத்ததற்கு ஐம்பது என்று எழுதிக் கொடுத்தார். வைத்தவரே வாங்காத ஐம்பது. கொடுத்தேன்.

சாயங்காலம் அக்கா மகன் பேசினான். அவனுடைய நண்பனின் தம்பி ஆறாயிரத்து ஐந்நூறு தருகிறானாம், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பானாம். வண்டி எப்படி இருக்கிறது மாமா என்று கேட்டான்.

பிரேக் தேய்ந்திருக்கிறது, சங்கிலி துருப் பிடித்திருக்கிறது, கியர் விழுவதில்லை, ஆறாயிரத்துக்கு இதை வாங்குபவன் ஏமாந்துபோவான் என்று விரிவாகச் சொன்னேன்.

"அப்படியென்றால் அங்கேயே கிடக்கட்டும் மாமா" என்றான்.

"கிடக்கட்டும்" என்றேன்.